பிள்ளைகளின் ஆவிக்குரிய வளர்ச்சி: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

1780ஆம் ஆண்டு இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியது, வாரம் முழுக்க வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்காக. மற்ற நாட்களில் எழுதப் படிக்க அவர்களுக்கு வழியில்லை. இருந்த ஒரே ஓய்வு நாளில் எழுத்தறிவும் வேதமும் கற்றுக்கொடுத்தார்கள். இன்று நிலைமை வேறு. வீட்டில் நாலு வேதாகமம் இருக்கிறது, போனில் ஒன்று இருக்கிறது. ஆனாலும் யோசேப்பின் கதையைப் பிள்ளைக்குச் சொல்வது ஞாயிறு பள்ளி ஆசிரியரின் வேலை என்று பலர் விட்டுவிடுகிறோம். அந்த ஆசிரியருக்கு வாரத்தில் கிடைப்பது ஒரு மணி நேரம். பாட்டு, காணிக்கை, வருகைப் பதிவு எல்லாம் போக, கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

ஆசிரியரும் போதகரும் துணைக்கு நிற்பவர்கள். பொறுப்பு அப்பா அம்மாவுடையது. கூடவே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: பிள்ளையின் இருதயத்தில் விசுவாசத்தை உண்டாக்குவது நம்மால் ஆகிற காரியமில்லை, அது தேவனுடைய வேலை. கற்றுக்கொடுப்பது, வாழ்ந்து காட்டுவது, ஜெபிப்பது, இவ்வளவும் நம் பங்கு. முதல் பாதியை மறந்தால் அலட்சியம் வரும். இரண்டாவதை மறந்தால் பதற்றம் வரும், பதற்றத்தில் பிள்ளையை நெருக்கத் தொடங்குவோம். கீழே உள்ள படிகளை இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசியுங்கள்.

முதல் படி: யார் செய்வது என்று பேசி முடிவெடுங்கள்

பல வீடுகளில் ஜெபம் என்றால் அம்மா, பிரம்பு என்றால் அப்பா என்று ஒரு ஏற்பாடு சொல்லாமலே அமைந்துவிடுகிறது. பிள்ளை, குறிப்பாக மகன், இதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றுதான்: பக்தி பெண்களின் வேலை. எபேசியர் 6:4 "பிதாக்களே" என்றுதான் தொடங்குகிறது. அப்பாவுக்குக் கோர்வையாக ஜெபிக்கத் தெரியாமல் இருக்கலாம், வேதம் அதிகம் தெரியாமலும் இருக்கலாம். அவர் வாயிலிருந்து வரும் இரண்டு வரி ஜெபத்துக்குப் பிள்ளை தருகிற மதிப்பு வேறு. ஆகவே கணவனும் மனைவியும் ஒருநாள் உட்கார்ந்து, எந்த நேரத்தில் எதை யார் செய்வது என்று பேசிவிடுங்கள்.

சரி, வீட்டில் ஒருவர் மட்டும் விசுவாசி என்றால்? தீமோத்தேயுவின் வீடு அப்படிப்பட்டதுதான். அப்பா கிரேக்கர், அம்மா விசுவாசமுள்ள யூத ஸ்திரீ (அப்போஸ்தலர் 16:1). பாட்டி லோவிசாளிடமும் அம்மா ஐனிக்கேயாளிடமும் இருந்த மாயமற்ற விசுவாசத்தைப் பவுல் பேர் சொல்லி நினைவுகூருகிறார் (2 தீமோத்தேயு 1:5). சிறுவயதுமுதல் அவன் வேத எழுத்துக்களை அறிந்திருந்தான் என்றும் எழுதுகிறார். தனியாக இதைச் சுமக்கிற தாயோ தகப்பனோ குற்ற உணர்வோடு இருக்க வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: விசுவாசியாத துணையைப் பிள்ளைக்கு முன்னால் குறைவாகப் பேசக்கூடாது. தாத்தா பாட்டி உதவுவார்கள் என்றால் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: உங்கள் இருதயத்திலிருந்து தொடங்குங்கள்

பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பிரசங்கிகள் அதிகம் எடுக்கும் பகுதி உபாகமம் 6. "கருத்தாய்ப் போதித்து" என்கிற 7ஆம் வசனத்துக்கு நேராகப் போய்விடுகிறோம். அதற்கு முந்தின வசனம், "இந்த வார்த்தைகள் உன் இருதயத்தில் இருக்கக்கடவது" என்கிறது. பெற்றோரின் இருதயத்தைத் தொட்ட பிறகுதான் வார்த்தை பிள்ளைக்குப் போகிறது.

பிள்ளைகள் கவனிப்பது நாம் கைகூப்பி நிற்கும் நேரத்தை மட்டுமல்ல. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் போதகரையும் பாடகர் குழுவையும் பற்றி என்ன பேசுகிறோம் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். கடன் கேட்டு வருபவரிடம் அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னால், பொய்யைப் பற்றிய பத்து மனப்பாட வசனம் அங்கேயே வீணாகிவிடும். பணக் கஷ்டம் வந்தால் பெற்றோர் முதலில் எங்கே ஓடுகிறார்கள், சண்டை போட்டால் எப்படிச் சமாதானம் ஆகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு இறையியல் பாடம்.

இதைப் படித்துவிட்டுக் குறையற்ற பெற்றோர் ஆக வேண்டும் என்று பயப்பட வேண்டாம். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கத் தெரிந்தால் போதும். "நான் கோபத்தில் கத்தியது தப்பு, என்னை மன்னித்துவிடு, ஆண்டவரிடமும் கேட்டேன்" என்று ஒரு தகப்பன் சொல்லும்போது, பாவம், மனந்திரும்புதல், மன்னிப்பு மூன்றும் பிள்ளைக்கு ஒரே நிமிடத்தில் புரிகிறது. பெரியவர்கள் சின்னவர்களிடம் மன்னிப்புக் கேட்பதா என்று சிலருக்குத் தயக்கம் இருக்கும். கேளுங்கள், மரியாதை குறையாது.

மூன்றாம் படி: குடும்ப ஜெபத்தைச் சின்னதாகத் தொடங்குங்கள்

குடும்ப ஜெபம் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், அதை ஒரு மணி நேர ஆராதனையாக ஆரம்பிப்பதுதான். புத்தாண்டு உற்சாகத்தில் மூன்று பாட்டு, ஒரு அதிகாரம், நீண்ட ஜெபம். பிப்ரவரியில் எல்லாம் காணாமல் போய்விடும்.

பத்து நிமிடம் போதும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஐந்து. எல்லாரும் வீட்டில் இருக்கும் ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். தூக்கம் சொக்கும் நேரம் வேண்டாம். ஒரு பாட்டு, கொஞ்சம் வேத வாசிப்பு, ஒன்றிரண்டு கேள்வி, சுருக்கமான ஜெபம், அவ்வளவுதான்.

எங்கிருந்து வாசிப்பது? ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் மூச்சுத் திணறும் குடும்பங்கள் அநேகம். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். பதினாறு அதிகாரம்தான், சம்பவங்கள் வேகமாக நகரும். நாளுக்குப் பத்து வசனம் வாசித்தால் இரண்டரை மாதத்துக்குள் இயேசுவின் ஊழியம், மரணம், உயிர்த்தெழுதல் முழுவதையும் சேர்ந்து வாசித்து முடித்திருப்பீர்கள். அப்புறம் ஆதியாகமத்தின் குடும்பக் கதைகள், யாத்திராகமத்தின் முதல் இருபது அதிகாரம், ரூத், தானியேல் என்று போகலாம். பழைய மொழிபெயர்ப்பு பிள்ளைகளுக்குக் கடினமாக இருந்தால் எளிய தமிழில் உள்ள ஒன்றை வாசியுங்கள். மனப்பாடத்துக்கு வேண்டுமானால் பழையதை வைத்துக்கொள்ளலாம், அந்த ஓசை மனதில் நிற்கும்.

வாசித்த பிறகு பிரசங்கம் வேண்டாம், கேள்வி கேளுங்கள். இதில் ஆண்டவர் எப்படிப்பட்டவர் என்று தெரிகிறது? உனக்குப் புரியாதது எது? அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? பதில் தப்பாக இருந்தாலும் சிரிக்காதீர்கள், மற்ற பிள்ளைகளையும் சிரிக்க விடாதீர்கள்.

ஜெபத்தில் ஒன்றைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்: ஆண்டவரிடம் பேசுவதுபோல் பிள்ளையைத் திட்டுவது. "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குக் கீழ்ப்படிதலைத் தாரும், எப்பப் பார்த்தாலும் போனையே பார்க்கிறான், போன பரீட்சையில் எவ்வளவு மார்க் எடுத்தான் என்று உமக்குத் தெரியும்..." எல்லா வீட்டிலும் கேட்ட ஜெபம்தான் இது. கண்ணை மூடிக்கொண்டிருக்கும் பிள்ளையால் பதில் பேச முடியாது, எழுந்துபோகவும் முடியாது. அடுத்த நாள் ஜெபத்துக்குக் கூப்பிட்டால் அது ஏன் முகம் சுளிக்கிறது என்று நாம் ஆச்சரியப்படுவோம். கண்டிக்க வேண்டியதை நேராகக் கண்டியுங்கள். ஜெபத்தில் பிள்ளைக்காக நன்றி சொல்லுங்கள், அது கேட்கும்படியாகவே சொல்லுங்கள்.

நாலு நாள் விட்டுப்போனால்? ஐந்தாம் நாள் தொடருங்கள். விட்டதற்குச் சேர்த்து இரண்டு மடங்கு செய்ய வேண்டாம்.

நான்காம் படி: வயதுக்கு ஏற்றபடி கற்றுக்கொடுங்கள்

ஐந்து வயதுக்குள் பிள்ளை கற்றுக்கொள்வது பெரும்பாலும் தாலாட்டு, மடி, படுக்கை நேர ஜெபம் வழியாகத்தான். "இயேசப்பா என்னை நேசிக்கிறார், என்னை உண்டாக்கினார், நான் பேசினால் கேட்கிறார்." இந்த வயதுக்கு இது போதும்.

ஆறு முதல் பதினொன்று வரை பொன்னான காலம். கேட்டதெல்லாம் மனதில் ஒட்டிக்கொள்ளும். கதைகளை முழுதாகச் சொல்ல வேண்டிய வயது இது. தாவீது கோலியாத்தைக் கொன்றான், நீயும் தைரியமாக இரு என்று முடித்துவிட்டால் வேதம் வெறும் நீதிக்கதைப் புத்தகம் ஆகிவிடும். அந்த யுத்தம் கர்த்தருடையது என்று தாவீதே சொல்கிறான். கதையின் நாயகர் அவர்தான். வேதத்து மனிதர்கள் தவறியதையும் வயதுக்குத் தக்கபடி மறைக்காமல் சொல்லுங்கள். ஆபிரகாம் பொய் சொன்னார், பேதுரு மறுதலித்தார், ஆனாலும் ஆண்டவர் அவர்களை விட்டுவிடவில்லை. தவறு செய்துவிட்ட ஒரு பிள்ளைக்குத் தேவைப்படும் செய்தி இது.

மனப்பாட வசனம் நல்லது. பரிசுக்காக மட்டும் படித்தால் பரிசோடு போய்விடும். ஒரு வசனத்தைப் படிக்கும்போது, அது யார் யாருக்குச் சொன்னது, ஏன் சொன்னது என்று ஒரு வரியாவது விளக்குங்கள். சங்கீதம் 23இல் ஆறே வசனம். வாரத்துக்கு ஒன்றாக நீங்களும் சேர்ந்து படித்தால் ஒன்றரை மாதத்தில் வீடே சொல்லும். கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளைகள், சபையாக நாம் அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் மூன்றும் இந்த வயதில் மனதில் பதிய வேண்டியவை.

கேள்வி பதில் முறையையும் பயன்படுத்திப் பாருங்கள். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், ஜெர்மனியின் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிடப் போய், விசுவாசத்தின் அடிப்படைகூட ஜனங்களுக்குத் தெரியவில்லை என்று கண்டு வருந்தினார். 1529இல் அவர் எழுதிய சிறிய ஞானோபதேசம் (விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாகச் சொல்லும் நூல்), வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டியது என்ற குறிப்போடுதான் வந்தது. 1563இல் ஜெர்மனியில் வெளியான ஹைடல்பெர்க் வினாவிடை என்ற இன்னொரு ஞானோபதேசத்தின் 129 கேள்விகளும் ஆண்டின் 52 ஞாயிறுகளுக்குப் பங்கிடப்பட்டன. உங்கள் சபை பயன்படுத்தும் ஞானோபதேசத்தை எடுத்து, வாரம் ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டுக்கு மேல் சொல்லிக்கொடுக்கும் முறையே மாற வேண்டும். கதை கேட்ட பிள்ளை இப்போது காரணம் கேட்கும். தனக்கென்று ஒரு வேதாகமம், தனியாக வாசிக்க ஒரு நேரம், என்ன ஜெபித்தாய் என்று துருவாத பெற்றோர் ஆகிய மூன்றும் இந்த வயதுக்கு வேண்டும்.

ஐந்தாம் படி: கேள்விகளுக்கு இடம் கொடுங்கள்

பிள்ளைகள் கேட்பார்கள் என்று வேதமே எதிர்பார்க்கிறது. எகிப்திலிருந்து கிடைத்த விடுதலையை நினைவுகூரும் பஸ்காவைக் குறித்து, இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்று யாத்திராகமம் 12 வழிகாட்டுகிறது. யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களைக் கில்காலில் நாட்டியதும், பிற்காலத்தில் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்பதற்காகவே (யோசுவா 4). கேள்வி கேட்பது அவிசுவாசம் என்று அதட்டினால் கேள்வி நின்றுவிடாது; உங்களை விட்டு வேறு யாரிடமாவது போகும், இன்று பெரும்பாலும் ஒரு திரையிடம்.

"நாம் ஜெபித்தோமே, பாட்டி ஏன் இறந்துபோனாங்க?" இதற்கு அவசரமாகப் பதில் சொல்லாதீர்கள். உன் விசுவாசம் குறைவு என்கிற அர்த்தம் வரும்படி எதையும் சொல்லவே கூடாது. "எனக்கும் அழுகை வருகிறது. ஏன் என்று எனக்கும் முழுதாகத் தெரியவில்லை" என்று சொல்லலாம். பிறகு, லாசருவின் கல்லறை அருகே இயேசு கண்ணீர் விட்டதையும், உயிர்த்தெழுதலின் நம்பிக்கையையும் சொல்லலாம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று கேட்கும் 13ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து வாசியுங்கள். ஆண்டவரிடம் இப்படியும் பேசலாம் என்று பிள்ளை தெரிந்துகொள்ளட்டும்.

"என் நண்பன் கிறிஸ்தவன் இல்லையே, அவன் நல்லவன்தானே?" என்றும் கேட்பார்கள். இயேசுவைப் பற்றி நாம் நம்புவதைத் தெளிவாகச் சொல்லுங்கள். நண்பனையோ அவன் வீட்டார் வணங்குவதையோ கேலி செய்ய வேண்டாம். அறிவியல் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால், தெரியவில்லை, சேர்ந்து தேடலாம் என்று சொல்லி நிஜமாகவே தேடுங்கள். பாதியில் விட்டால் அடுத்த கேள்வி வராது.

அந்தப் பன்னிரண்டு கற்களைப்போல உங்கள் குடும்பத்துக்கும் ஒரு நினைவு தேவை. ஒரு நோட்டில் ஜெபக் குறிப்புகளைத் தேதியோடு எழுதி வையுங்கள். பதில் வந்தால் எழுதுங்கள், வராததை அடிக்காமல் அப்படியே விடுங்கள். நீங்கள் எப்படி விசுவாசத்துக்கு வந்தீர்கள் என்று உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா? பல வீடுகளில் சபையார் எல்லாருக்கும் தெரிந்த சாட்சி பிள்ளைக்குத் தெரியாது.

ஆறாம் படி: ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி நேரம்

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான், சார்லஸ் வெஸ்லி சகோதரர்களின் அம்மா சூசன்னா வெஸ்லி பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றவர். பிழைத்தவர்கள் பத்துப் பேர். பணத் தட்டுப்பாடும் வீட்டுச் சுமையும் அவரை விடவில்லை. ஆனாலும் வாரத்தின் மாலைகளைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டு, அவரவரோடு தனியாகப் பேசினார். 1712இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் எந்த நாள் எந்தப் பிள்ளைக்கு என்று பட்டியலே இருக்கிறது. ஜானுக்கு வியாழன், சார்லஸுக்கு சனி. வளர்ந்து ஊழியரான பிறகும் ஜான் வெஸ்லி அந்த வியாழன் மாலையை நினைவுபடுத்தி, அதில் ஒரு சிறு பங்கை இப்போதும் தனக்காக ஒதுக்கும்படி அம்மாவுக்கு எழுதினார்.

ஒன்றோ இரண்டோ பிள்ளை உள்ள நமக்கு இது முடியாததல்ல. வாரத்தில் அரை மணி நேரம், போன் இல்லாமல், ஒரு பிள்ளையோடு மட்டும். வேதபாடமாக மாற்ற வேண்டாம். நடக்கலாம், ஏதாவது வேலையைச் சேர்ந்து செய்யலாம். பள்ளியில் யார் அவமானப்படுத்தினார்கள், எதற்குப் பயம் என்பதெல்லாம் இப்படிப்பட்ட நேரத்தில்தான் வெளியே வரும். ஜெபிக்கட்டுமா என்று கடைசியில் கேட்டு, சரி என்றால் மட்டும் இரண்டு வரி ஜெபியுங்கள்.

ஏழாம் படி: கண்டிப்பதிலும் சுவிசேஷம் தெரியட்டும்

ஆசாரியனான ஏலி தன் மகன்கள் செய்யும் பாவம் தெரிந்தும் அவர்களை அடக்கவில்லை. தாவீது ராஜா தன் மகன் அதோனியாவைப் பார்த்து நீ ஏன் இப்படிச் செய்கிறாய் என்று ஒருபோதும் கேட்கவில்லை (1 இராஜாக்கள் 1:6). ஆலயத்திலும் அரண்மனையிலும் பெரிய மனிதர்கள், வீட்டில் வாய் திறக்கவில்லை. கண்டிக்காமல் விடுவது அன்பில்லை என்பதற்கு இந்த இரண்டு வீடும் போதும்.

மறுபக்கம், பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயர் 3:21 தடுக்கிறது. மற்ற பிள்ளையோடு ஒப்பிடுவது, பழைய தவறைத் திரும்பத் திரும்ப எடுப்பது, விருந்தாளிகள் முன் அவமானப்படுத்துவது இவையெல்லாம் பிள்ளையை உடைக்கும். எரிச்சலில் கை ஓங்குவதற்குச் சிட்சை என்று பெயர் வைத்துக்கொள்ள வேண்டாம். "இப்படிச் செய்தால் இயேசப்பா உன்னை வெறுத்துவிடுவார்" என்பது பொய்ப் போதனை, நல்ல நோக்கத்தில் சொன்னாலும்கூட. சேட்டைக்குத் தண்டனையாகச் சங்கீதத்தை எழுதச் சொல்வதும் வேண்டாம். வேதம் தண்டனையாக மாறிவிடும். என்ன தவறு, அதன் விளைவு என்ன என்று சொல்லுங்கள், சொன்ன விளைவைச் செய்யுங்கள், முடிந்ததும் அணைத்துக்கொள்ளுங்கள். அதோடு அந்த விஷயம் தீர்ந்தது.

எட்டாம் படி: சபையோடு சேர்ந்து நடங்கள்

ஞாயிறு பள்ளி ஆசிரியரிடம் இந்த வாரப் பாடம் என்ன என்று கேட்டு, வீட்டில் அதையே தொடருங்கள். அவர் சந்தோஷப்படுவார், பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆராதனையில் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காருங்கள். நாற்காலி அடுக்குவது, முதியவர்களைப் பார்க்கப் போவது என்று கைக்கு எட்டிய சேவையில் சேர்த்துவிடுங்கள்.

ஞானஸ்நானமோ, விசுவாசத்தைத் தானே சபைமுன் அறிக்கையிடும் திடப்படுத்தலோ, உடன் படிக்கும் பிள்ளைகள் எடுக்கிறார்கள் என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். பிள்ளைக்குப் புரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிள்ளையின் பாதுகாப்பும் உங்கள் பொறுப்புதான். முகாமுக்கோ கூட்டத்துக்கோ அனுப்பினால் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரியுங்கள். யார் தொட்டு அசௌகரியமாக இருந்தாலும், அவர் மூப்பரோ ஊழியரோ ஆனாலும், வேண்டாம் என்று சொல்லி உங்களிடம் வந்து சொல்லலாம் என்று கற்றுக்கொடுங்கள். வந்து சொன்னால் நம்புங்கள். சபையின் பெயர் கெடுமே என்று மூடிமறைக்க வேண்டாம்.

ஒன்பதாம் படி: விலகிப்போகும் பிள்ளையோடு

"பிள்ளையானவனை நடத்தவேண்டிய வழியிலே அவனை நடத்து; அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" (நீதிமொழிகள் 22:6). இந்த வசனம் பல பெற்றோரை ஆறுதல்படுத்தியிருக்கிறது, சிலரை நொறுக்கியும் இருக்கிறது. நீதிமொழிகள் வாழ்க்கையின் பொதுவான போக்கைச் சொல்லும் ஞானம். அதை உத்தரவாதப் பத்திரமாக வாசிக்கக்கூடாது. சாமுவேலின் மகன்கள்கூட அவர் வழியில் நடக்கவில்லை. உங்கள் மகள் சபைக்கு வர மறுத்தால், எங்கே தவறினோம் என்று தோண்டிக்கொண்டே இருக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்க வேண்டியது இருந்தால் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

பிற்காலத்தில் பெரிய சபைப் போதகரான அகஸ்டின் 354இல் பிறந்தவர். அவர் தன் அம்மா மோனிக்காவின் விசுவாசத்தை விட்டுப் பல ஆண்டுகள் வேறு போதனைகளின் பின்னால் அலைந்தார். மோனிக்கா ஒரு பிஷப்பிடம் போய், தன் மகனோடு பேசும்படி கெஞ்சினார். இப்போது பேசிப் பயனில்லை, அவனை விட்டுவிட்டு அவனுக்காக ஜெபம் செய் என்றார் அவர். அகஸ்டின் 387இல் மிலான் நகரப் பிஷப் அம்புரோஸிடம் ஞானஸ்நானம் பெற்றபோது வயது 32. அதே ஆண்டில் மோனிக்கா இறந்துபோனார்.

எனக்கு மோனிக்காவுக்குப் பதில் சொன்ன அந்தப் பிஷப்பின் ஆலோசனைதான் பெரிதாகத் தெரிகிறது. நாம் வாயைத்தான் நிறுத்த மாட்டோம். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு வசனம், போன் செய்தால் ஒரு பிரசங்கம், காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. பிள்ளை போனை எடுப்பதையே நிறுத்திவிடும். நீங்கள் நம்புவதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு, அதன்பின் ஆண்டவரிடம் அதிகமாகவும் பிள்ளையிடம் குறைவாகவும் பேசுங்கள். வேலையைப் பற்றி, உடம்பைப் பற்றி, நண்பர்களைப் பற்றிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்தால், குடும்ப ஜெபத்தை வழக்கமான நேரத்தில் வழக்கம்போல நடத்துங்கள். உட்கார்ந்தால் சந்தோஷம், பக்கத்து அறையில் இருந்தால் சத்தம் கூட்டாமல், அவர் பெயரை இழுக்காமல் ஜெபித்து முடியுங்கள். என்றாவது அவரே ஒரு கேள்வி கேட்டால், கேட்ட அளவுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.